எல்லாக் குளவியும் எதிரி இல்லை

தம்பி, 'தோட்டத்துக்குக் குளவி எதுக்கு, மலை முழுக்க மருந்தடிச்சு ஒழிக்கணும்' என்று எழுதியிருப்பது சரியில்லை. கொழுந்து எடுக்கும் நம் பெண்களைக் கொட்டும் பெருங்குளவி வேறு. அதன்மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயம். ஆனால் தேயிலை இலையைப் பின்னிச் சுருட்டும் புழுவை அடக்கி வைத்திருப்பதும் ஒரு குளவிதான். மெக்ரோசென்ட்ரஸ் என்ற சின்ன இனம், 1930களில் ஜாவாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. ஆளைக் கொட்டாது. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். பிற்பாடு தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். இந்தக் குளவியும் சேர்ந்து செத்தது, அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு பெருகிவிட்டது. கொட்டும் குளவிக் கூட்டைக் கண்டால் கங்காணியிடம் சொல்லி அதை மட்டும் அகற்றச் சொல்லுங்கள்.