டெக்சாஸுக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டா?

“1845-இல் அமெரிக்காவோடு சேரும்போதே, வேண்டுமானால் விலகிக்கொள்ளலாம் என்று டெக்சாஸ் எழுதி வாங்கிக்கொண்டது” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அந்த இணைப்புத் தீர்மானத்தை டெக்சாஸ் மாநில நூலக, ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். சின்ன ஆவணம்தான். விலகுவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. டெக்சாஸ் சம்மதித்தால் அதன் நிலப்பரப்பிலிருந்து மேலும் நான்கு மாநிலங்கள் வரை உருவாக்கலாம் என்றுதான் இருக்கிறது. குழப்பம் இங்கிருந்து கிளம்பியிருக்கலாம். மாநிலத்தைப் பிரிப்பது வேறு, நாட்டை விட்டுப் பிரிவது வேறு.

சரி, 1861-இல் டெக்சாஸ் விலகுவதாக அறிவித்ததே? அறிவித்தது உண்மைதான். ஆனால் உள்நாட்டுப் போருக்கு அப்புறம், போர்க்காலத்தில் கைமாறிய கடன் பத்திரங்கள் பற்றிய ‘டெக்சாஸ் எதிர் ஒயிட்’ வழக்கில், அந்த அறிவிப்பே செல்லாது என்று 1869-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைமை நீதிபதி சால்மன் சேஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின்படி, ஒன்று புரட்சி நடக்க வேண்டும், இல்லை மற்ற மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். ஒரு மாநிலம் தானாகவே முடிவெடுத்துக் கிளம்ப முடியாது.

தனிநாடு கேட்டுப் பேசும் உரிமை டெக்சாஸ்காரர்களுக்கு உண்டு. அதற்காக, இல்லாத ஷரத்தை இருப்பதாகச் சொல்வது நியாயமில்லை. அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.