றேக் பிடிச்சவனுக்கும் ஒரு கதிரை

போன ஞாயிறு தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்காபரோவில்தான் இருக்கிறார்கள். அவளின் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"மாமா, ஜெனீவாவில ஒரு இன்டர்ன்ஷிப். ஆயுதக் களைவு சம்பந்தப்பட்டது. ஆறு மாதம். ஆனா சம்பளம் இல்லை. போடட்டோ?"

குசினிக்குள்ளிருந்து தங்கச்சியின் குரல் வந்தது: "சம்பளமில்லாத வேலைக்கு சுவிஸுக்கு ஏன் போவான்? இஞ்ச சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கு."

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது அந்தக் கேள்வி விடவில்லை. இந்த வேலையின் மற்றப் பக்கத்தில், இலங்கையின் வடக்கே முகமாலையில் மிதிவெடி அகற்றிய இடத்தில், கொஞ்சக் காலம் நின்றவன் நான்.

முதலில், பிள்ளைகள் இதற்குப் போகக் கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "வெள்ளைக்காரன் குண்டு வித்துப்போட்டு, பிறகு தன்ர பிள்ளையளை அதைப் பொறுக்க அனுப்புறான்" என்பது நம்மவர்களின் பிரபலமான வசனம். அதில் பாதி உண்மையும் இருக்கலாம். ஆனால் 'மனிதாபிமான ஆயுதக் களைவு' என்ற இந்தத் துறை வல்லரசுகள் மனமிரங்கித் தந்ததல்ல. முந்தி ஆயுதக் களைவு என்றால் இரண்டு வல்லரசுகள் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து ஏவுகணைகளை எண்ணுவது. இந்தப் புதுத் துறைக்காரர்கள் கேள்வியையே மாற்றினார்கள்: இந்த ஆயுதம் யாருடைய காலை எடுக்கிறது, சண்டை முடிந்த பிறகும் எத்தனை வருடத்துக்கு எடுக்கும்? அப்படித்தான் 1997இல் ஒட்டாவாவில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கை வந்தது, 2008இல் கொத்துக்குண்டுத் தடை வந்தது, 2017இல் ஐ.நா.வில் அணுவாயுதத் தடை உடன்படிக்கை வந்தது. மூன்றிலும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா வெளியே நின்றன. உள்ளே நின்று தள்ளியவர்களில் இளம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

1997 நோபல் சமாதானப் பரிசு ஜோடி வில்லியம்ஸுக்கும் அவர் ஒருங்கிணைத்த கண்ணிவெடித் தடை இயக்கத்துக்கும் கிடைத்தது. ஒஸ்லோவில் இயக்கத்தின் சார்பில் அதை வாங்கியவர்களில் ஒருவர் துன் சன்னரெத். கம்போடியாக்காரர், மிதிவெடியில் இரண்டு காலையும் இழந்தவர், சக்கர நாற்காலியில் வந்து வாங்கினார். இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

இனி முகமாலை.

2000ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்ததிலிருந்து 2009 தை வரை ஏ9 வீதியில் இராணுவமும் புலிகளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்ற இடம் அது. கிளாலிக் கடலேரியிலிருந்து நாகர்கோவில் பக்கம் வரை மண் அணை, காவலரண், அதற்கு முன்னால் வரிசை வரிசையாக மிதிவெடி. இராணுவத்தின் பாகிஸ்தான் தயாரிப்பு பி4 கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் மிதிவெடி, அதில் இரும்பு மிகக் கொஞ்சம். புலிகளின் ஜொனி 95 சின்ன மரப்பெட்டி. நிலம் முழுக்க ஷெல் துண்டு என்பதால் உலோகம் தேடும் டிடெக்டர் எங்கே வைத்தாலும் கத்தும். கத்த வேண்டிய இடத்தில் கத்தாது. அதனால் றேக்தான், பல்லுப் பல்லாக இருக்கும் வாரி. ஒரு லேனுக்குள், அதாவது அளந்து ஒதுக்கிய ஒடுங்கிய பாதைக்குள், கவச அங்கியும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு, மண்ணைப் பக்கவாட்டிலிருந்து விரல் விரலாகச் சீவிச் சீவி இழுக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு முடிப்பது சில சதுர மீற்றர். பங்குனி வெயிலில் முகக் கவசத்தின் உட்பக்கம் வியர்வை கோடு கோடாக வழிந்து, எதிரே நிற்கும் தலையில்லாத பனை இரண்டாகத் தெரியும். செய்தவர்களில் நிறையப் பேர் எங்கள் பெண்கள். கணவனை இழந்தவர்கள், மூன்று பிள்ளையின் தாய்மார். ஊரில் கேட்டால் "மைன்ஸ் வேலைக்குப் போறா" என்பார்கள், ஏதோ தையல் வேலைக்குப் போகிற மாதிரி.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு இன்டர்ன் பிள்ளை வந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் அவள் றேக் பிடிப்பாள், படம் எடுப்பாள், போவாள் என்றுதான் நினைத்தோம். அவளை லேனுக்குக் கிட்டவும் விடவில்லை, அது சரிதான், உரிய பயிற்சி இல்லாமல் யாரும் போகக் கூடாது. கந்தோரில் ஒரு மூலையில் இருத்தி, பழைய களஅறிக்கைகளை எக்செலில் ஏற்றச் சொன்னார்கள்.

அங்கேதான் விஷயம். ஒரே ஊரின் பெயர் ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒருவர் 'ஹ' போட்டிருந்தார், ஒருவர் 'க', இன்னொருவர் 'ங்க' மாதிரி ஏதோ. கந்தோருக்கு அவை ஐந்து வேறு இடங்கள். ஒரு பனங்காணி இரண்டு பெயரில் இரண்டு தரம் அளக்கப்பட்டிருந்தது, பக்கத்துக் காணி ஒருதரமும் அளக்கப்படவில்லை. அவள் அதைப் பிடித்தாள். இரண்டு கிழமை இருந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு அறிக்கை எழுதினாள். தலைமையகம்வரை போனது. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அதே பிழையை அவளுக்கு மூன்று மாதம் முந்தியே ஒருவன் சொல்லியிருந்தான். பக்கத்துப் பளை ஊர்ப் பெடியன். றேக் வேலை செய்துகொண்டே, இடைவேளையில் வரைபடத்தைப் பார்த்து, "அண்ணை, இது எங்கட பெரியப்பான்ர காணி. இதுவும் அதுவும் ஒண்டுதான்" என்றான். நான் மேலே சொன்னேன். "எழுதித் தரச் சொல்லுங்கோ" என்றார்கள், ஆங்கிலத்தில். அவனுக்கு ஏ.எல். வரை தமிழில் படிப்பு. எழுதவில்லை. நானாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். நானும் எழுதவில்லை, அந்தக் குற்றவுணர்வு இன்னும் உண்டு.

அவளில் பிழையில்லை, அவள் இன்றும் இந்தத் துறையில்தான் இருக்கிறாள், கெட்டிக்காரி. அவன் இன்றும் லேனில்தான் நிற்கிறான்.

என் கோபம் இவ்வளவுதான். பயிற்சி என்றால் நாங்கள் எப்போதும் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற ஒருவழிப் பாதையைத்தான் நினைக்கிறோம். கனடாவில் அரசு காசில் இளையோரை வெளிநாடு அனுப்பும் திட்டங்கள் இருந்திருக்கின்றன, மைன்ஸ் அக்ஷன் கனடா என்ற அமைப்பும் அப்படிப் பிள்ளைகளைக் கண்ணிவெடி வேலைக்கு அனுப்பியிருக்கிறது. நல்லது. பாதிக்கப்பட்ட நாடுகளின் இளையவர்களை உடன்படிக்கைக் கூட்டங்களுக்கு அழைத்துவரும் ஏற்பாடும் உண்டு. 2024 கார்த்திகையில் கம்போடியாவின் சியம் ரீப்பில் நடந்த ஒட்டாவா உடன்படிக்கை மீளாய்வு மாநாட்டிலும் அப்படி வந்திருந்தார்கள். அதுவும் நல்லது. ஆனால் ஒரு கிழமைக் கூட்டத்தில் மைக் பிடித்துத் தன் ஊர்க் கதை சொல்வது ஒன்று. ஆறு மாதம் ஒரு கந்தோரில் இருந்து, அறிக்கை எழுதவும், தரவு பார்க்கவும், ஒரு தூதுவரின் கையில் எந்தத் தாளை எப்போது கொடுக்க வேண்டும் என்றும் பழகுவது வேறொன்று. துன் சன்னரெத் மேடையில் இருந்தார், சரி. மேடைக்குப் பின்னால் வரைவு எழுதின அறையில் கம்போடியப் பெடியன்கள் எத்தனை பேர்?

அந்த அறைக்கான வாசல்தான் இந்த இன்டர்ன்ஷிப். அந்த வாசலில் பூட்டு காசு. ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. 2015 ஓகஸ்ட்டில் நியூசிலாந்துப் பெடியன் ஒருவன் ஜெனீவா ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி ஐ.நா.வுக்குப் போய்வந்தது உலகச் செய்தியானது. பிறகு கவனத்தை ஈர்க்கத்தான் அப்படிச் செய்தான் என்று கதை வந்தது. இருக்கட்டுமே, சம்பளம் இல்லை என்பது பொய்யா? சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. கொடுக்கிறது, உலக சுகாதார அமைப்பு 2020இல் கொடுக்கத் தொடங்கியது, அதனால் முடியாத காரியமில்லை. நியூசிலாந்துக் கடவுச்சீட்டுக்காரனுக்குக் கூடாரமாவது கிடைத்தது. பளைப் பெடியன் விசாவுக்குப் போனால் முதல் கேட்பது ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை 2017 மார்கழியில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 யூன்வரை தவணை. முடிந்தால் சந்தோசம். ஆனால் பத்து, பதினைந்து வருடம் றேக் பிடித்த சனம் அதற்குப் பிறகு எங்கே போகும்? 2025 தையில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது உலகம் முழுக்க அந்தக் காசில் ஓடிய கண்ணிவெடி வேலைகளை நிறுத்தச் சொன்னார்கள். அதே வருடம் லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் ரஷ்யப் பயத்தில் ஒட்டாவாவிலிருந்து விலக முடிவெடுத்தன. அந்த நாடுகளின் பயத்தை நான் பகிடி பண்ணவில்லை. ஆனால் மிதிவெடி யாருடைய காணியில் எத்தனை வருடம் கிடக்கும் என்று அவர்களின் இராஜதந்திரிகளுக்குச் சொல்ல, எக்செல் தெரிந்த ஒரு பட்டதாரியைவிட முகமாலைக்காரி ஒருத்திக்குத்தான் அதிகம் தெரியும்.

மருமகளுக்கு நான் சொன்ன பதில்: போடு. செலவுக்கு மாமா கொஞ்சம் தாறன், மிச்சத்துக்கு உன்ர அம்மாவோட நான் கதைக்கிறன். ஆனா போற இடத்தில முதல் கிழமையே ஒரு கேள்வி கேள், "இஞ்ச பாதிக்கப்பட்ட நாட்டிலயிருந்து வந்த இன்டர்ன் ஆர்?" எண்டு. கோவிச்சுக்கொண்டால் கோவிக்கட்டும்.

இங்கே ரொறன்ரோவில் நமக்கு ஊருக்கொரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கொரு பழைய மாணவர் சங்கம். வருடாவருடம் மண்டபம் எடுத்து, கொத்துரொட்டியோடு கலைவிழா வைத்து, ஊரில் ஒரு கட்டடத்துக்கு நிறம் பூசுகிறோம். பச்சிலைப்பள்ளி, பூநகரி, கிளிநொச்சிப் பக்கச் சங்கக்காரர் யாராவது இதை வாசித்தால்: ஒரு வருட மண்டபக் காசை ஒரு பிள்ளையின் ஆங்கில வகுப்புக்கும் ஆறு மாத வாடகைக்கும் வைக்க முடியுமா? அனுசரணைக் கடிதம், விசா விண்ணப்ப எழுத்து வேலை எல்லாம் நான் செய்து தருகிறேன், அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. பளைப் பெடியனிடம் நேற்று வட்ஸ்அப்பில் கேட்டேன். "எனக்கு வயசு போட்டுது அண்ணை, தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குப் பாருங்கோ" என்றான்.

அவளுக்கு இருபத்தொன்று. விபரம் வேண்டியவர்கள் இன்பொக்ஸுக்கு வாங்கோ.