பாழாக்கியவர்களில் நானும் ஒருத்தி

ஹைதராபாத்தின் கோட்டி பகுதியில் இருக்கும் பழைய ரெசிடென்சி மாளிகையைச் சுற்றிக்காட்டும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக அதையே எனக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். படப்பிடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. "எழுபது வருஷம் காலேஜ் பெண்கள் புழங்கியே இந்த அரண்மனை பாழாகிவிட்டது" என்று அந்த வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

1803 வாக்கில் ரெசிடென்ட், அதாவது நிஜாம் அரசவையில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி, ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக் தொடங்கிய மாளிகை அது. வடிவமைத்தவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல், பணமோ நிஜாமுடையது. கிர்க்பாட்ரிக் மணந்துகொண்ட கைர்-உன்-நிஸாவுக்காக அதே வளாகத்தில் ரங் மகால் என்ற அந்தப்புரமும் எழுந்தது. அதை 1860இல் இடித்துத் தள்ளியது கல்லூரிப் பெண்கள் அல்லர், பின்னால் வந்த ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட். வழிகாட்டி இதைச் சொல்ல மறந்துவிட்டார் போலும்.

வெள்ளையர் போனபின் ஆளின்றிக் கிடந்த அந்த மாளிகைக்கு, 1924இல் தொடங்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழக மகளிர் கல்லூரி 1949இல் குடிவந்தது. 2022இல் அதுவே மகளிர் பல்கலைக்கழகமாகி, இன்று தெலங்கானா விவசாயிகள் போராட்ட வீராங்கனை சாக்கலி ஐலம்மாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதாவது, அந்த மாளிகையில் எந்த ரெசிடென்டும் வாழாத அளவுக்கு நீண்ட காலம் பெண்கள் அங்கே படித்திருக்கிறார்கள். காணொளியில் இதற்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் வசவு.

அப்பாவின் ரயில்வே மாற்றலில் திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் போய், தெலுங்கு ஓர் எழுத்தும் தெரியாமல் அங்கே சேர்ந்தவள் நான். எங்கள் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். 'கோட்டியில் படிக்கிறேன்' என்று எழுதிய என் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு ஆச்சி இரண்டு நாள் பேசவில்லையாம். நடத்துனர் "விமன்ஸ் காலேஜ்" என்று கூவினால் பாதிப் பேருந்து காலியாகும். அவர் ஒருநாளும் கிர்க்பாட்ரிக் பெயரைச் சொல்லி இறக்கிவிட்டதில்லை.

கிர்க்பாட்ரிக், கைர்-உன்-நிஸா காதல் கதை இல்லாவிட்டால் அந்த மாளிகையை யார் சீண்டியிருப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான், 2002இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள சின்னங்களுக்கான தன் கவனப் பட்டியலில் சேர்த்ததும், பின்னர் பழுதுபார்க்கப் பணம் வந்ததும் அந்தக் கதையின் புண்ணியமாகவே இருக்கட்டும். கூரை ஒழுகியது உண்மைதானே என்றும் கேட்பீர்கள். ஒழுகியது. ஓதம் காத்த சுவருக்குக் கீழே நோட்டுப் புத்தகத்தை மடியில் மூடிவைத்துக்கொண்டு பாடம் கேட்டவர்கள் நாங்கள். பதினேழு வயதுப் பெண் கூரைக்குச் சுண்ணாம்பும் பூசியிருக்க வேண்டுமா? காலியாகக் கிடந்திருந்தால் அந்த இடத்தில் இந்நேரம் என்ன நின்றிருக்கும் என்று நகரத்து நில விலை தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.

கதையின்மேலும் எனக்குப் பகையில்லை. கைர்-உன்-நிஸா பெற்ற குழந்தைகள் இருவரையும் 1805இல் மதராஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். அதே ஆண்டு கணவர் கல்கத்தாவில் இறந்தார். 1813இல் தான் இறக்கும்வரை அந்தத் தாய் பிள்ளைகளை மறுபடி பார்க்கவே இல்லை. அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருந்த அவருக்கு மாளிகையின் முகப்பைப் பார்க்க வழியில்லை என்று தோட்டத்தில் ஒரு பொம்மை மாளிகை கட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் பரீட்சைக்குப் படித்தோம். அவர் பொம்மையில் மட்டுமே கண்ட படிகளில் செருப்புச் சத்தத்தோடு ஓடி ஏறியவர்கள் நாங்கள். அந்த ஓட்டத்தைத்தான் வழிகாட்டி பாழ் என்கிறார்.

படிகளின் இருபுறமும் கல் சிங்கங்கள் உண்டு. இடப்பக்கச் சிங்கத்தின் பாதத்தில்தான் என் தயிர்சாத டப்பாவை வைப்பேன், நாரத்தங்காய் ஊறுகாயோடு. அங்கே கீறல் ஏதாவது இருந்தால், அதை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.