19 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்

கொழும்பில் விற்பனைக்கு வருகிற பிஎம்டபிள்யூ எஃப்30 (3 சீரிஸ் கார்) ஒன்றைப் போய்ப் பாருங்கள். அனேகமாக 19 அங்குல ரிம் இருக்கும். டிக்கியில் கடையில் வாங்கி ஒட்டிய, பிஎம்டபிள்யூவின் வேகக் கார்களுக்குரிய எம் பட்ஜ். அதற்கும் சேர்த்து விலை. காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சுற்று ஓட்டினால் ஒவ்வொரு மேன்ஹோல் மூடியும் முதுகுத்தண்டில் ஏறுகிறது. இறங்கியதும் ஒரு தீர்ப்பு: "ஜெர்மன் கார் எங்கட ரோட்டுக்குச் சரிவராது."

கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் காரை அதன் பொறியாளர்கள் அப்படிச் செய்து அனுப்பவில்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 225/50 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 112 மில்லிமீற்றர். 225/40 ஆர்19 என்றால் 90. பள்ளத்தில் விழும்போது முதலில் அமுங்கிக் கொடுக்க வேண்டிய ரப்பரில் 22 மில்லிமீற்றரை வெட்டி எறிந்தாயிற்று. மிச்சம் இருப்பதும் ரன்பிளாட் என்றால், காற்றே இல்லாமல் காரைத் தாங்குவதற்காகத் தடிப்பாக்கிய சுவர் அது. அமுங்காது. அடி முழுவதும் ரிம்முக்கும், சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ்க்கைகளின் ரப்பர் புஷ்ஷுக்கும் போகிறது. எஃப்30இன் முன்பக்க இழுவைக் கையில் உள்ள புஷ்ஷுக்குள் திரவம் இருக்கிறது. அது கிழிந்து ஒழுகினால் மணிக்கு 80 கிலோமீற்றரில் போய்ப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். கராஜில் பிரேக் டிஸ்க் மாற்றச் சொல்வார்கள். மாற்றுவீர்கள். சில நாளில் நடுக்கம் திரும்ப வரும், ஏனென்றால் புஷ்ஷை யாரும் நெம்புகோல் போட்டு அசைத்துப் பார்க்கவே இல்லை. புஷ் மாற்றினாலும் காரைத் தரையில் நிறுத்தி, பாரம் ஏறிய உயரத்தில்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரமே கிழிந்துவிடும்.

17 அங்குல ரிம், சாதாரண டயர், டிக்கியில் காற்றடிக்கும் சின்னப் பம்பும் பஞ்சர் மருந்தும். இவ்வளவுதான். அதே கார் வேறு காராகிவிடும். திருப்பத்திலும் நன்றாக நிற்கும். மேடுபள்ளத்தில் துள்ளாமல் தரையைப் பிடித்திருக்கிற டயர்தானே திரும்பும்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறிச் சுற்றின. ஆகவே இன்றைக்குப் பேரம் பேசுகிற 2013, 2014 கார் பத்து வயதைத் தாண்டியது. வெயிலில், ஏசியோடு, நகராத வரிசையில் வெந்த பத்து வருடம். இந்த வயதில் எஞ்சின் வகைக் குறியீட்டைக் கேட்காமல் குதிரைவலு கேட்பவரைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. எஃப்30 320ஐயில் 2015 நடுப்பகுதி வரை வந்தது என்20 எஞ்சின். அதன் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் செயின் ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டி நொறுங்கக்கூடியது. துண்டுகள் அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில் விழுந்து ஒயில் உறிஞ்சும் வாயை அடைத்தால் எஞ்சின் போயிற்று. ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறுகிற ஒரு கீச்சொலி கேட்டால் அது எச்சரிக்கை. அதே எஞ்சினில் தண்ணீர்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. 100,000 கிலோமீற்றரை நெருங்கினால் கெடும் முன்பே, தேர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். என்20க்குப் பிறகு வந்த பி48 எஞ்சின் எவ்வளவோ மேல். காசு கொஞ்சம் கூடினாலும் அதற்குக் கொடுங்கள்.

ஒயில் மாற்றுவதைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். "டாஷ்போர்ட் இன்னும் கேட்கல்லையே" என்பதுதான் பதில். அந்தக் கணக்கு ஐரோப்பாவின் நீண்ட பயணங்களுக்குப் போட்டது. மருதானைச் சந்தியில் எஞ்சின் ஓடியபடி நிற்கிற அரை மணித்தியாலத்தில் கிலோமீற்றர் ஒன்றுகூட ஏறாது, ஒயில் மட்டும் வேகும். 7,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். என்20க்கு 5 லீற்றர், நிறுவனம் ஒப்புதல் கொடுத்த வகை. கியர் ஒயில் 'வாழ்நாள் முழுக்க' என்ற பேச்சு இன்னும் மோசம். எட்டு கியர் பெட்டியைச் செய்கிற செட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. பில்டரும் பெட்டியின் பிளாஸ்டிக் அடித்தட்டும் ஒரே துண்டு, சேர்த்தே மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் 30 முதல் 50 பாகைக்குள் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். சூடேறிய பெட்டியில் பார்த்து மூடிவிட்டால் ஒயில் குறைவாகவே நிற்கும், பிறகு கியர் இடிக்கும். அதற்கும் ஜெர்மனிதான் திட்டு வாங்கும்.

பெற்றோல் ஷெட்டில் இந்தக் கார்களுக்கு 92 ஒக்டேன் அடிக்கச் சொல்கிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். டர்போ எஞ்சின் தட்டுவதைச் சென்சர் உணர்ந்து நெருப்புப் பொறியைப் பின்தள்ளும், இழுவை குறையும், சூடு கூடும். குறைந்த வேகத்தில் ஆழமாக மிதித்தால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே பற்றி பிஸ்டனை உடைக்கவும் முடியும். 95க்குக் கூடுதலாகக் கொடுக்க மனமில்லாதவருக்கு இந்தக் கார் எதற்கு?

சொகுசுதான் முக்கியம் என்றால் பென்ஸ் டபிள்யூ205 (சி கிளாஸ்), சாதாரண இரும்பு ஸ்பிரிங், 17 அங்குல ரிம். அதற்கு மேல் வேண்டாம். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பை தாங்குகிற காற்றுப் பை சஸ்பென்ஷன் புதிதில் மேகம்தான். வயதானால் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்றுக் கசியும். கசிவை ஈடுகட்டக் கொம்ப்ரசர் ஓயாமல் ஓடிக் கருகும். கசிகிற பையை விட்டுவிட்டுக் கொம்ப்ரசரை மட்டும் மாற்றுவது காசை நெருப்பில் போடுவது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய பை வாங்கிப் போடுவதும் அதேதான், அந்த ரப்பருக்கும் அதே வயது. வாங்கும் முன் மாலையில் நான்கு சக்கரத்துக்கும் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. இதே பென்ஸில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது இரண்டு மூன்று செக்கன் கடகடத்தால், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற கேம் அட்ஜஸ்டரைச் சந்தேகியுங்கள்.

அவுடி ஏ4 பி8இல் 2.0 டர்போ எஞ்சின் பிஸ்டன் ரிங் வழியாக ஒயில் குடிப்பது ஊரறிந்தது. எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மின்சாரத்தில் செருகிச் சார்ஜ் ஏற்றுகிற பிளக்-இன் ஹைபிரிட் வகைகள் இன்னொரு வேதனை. பிஎம்டபிள்யூ 330ஈயின் பற்றரி 7.6 கிலோவாட் மணி, பென்ஸ் சி350ஈயினது 6.2. பற்றரி தளர்ந்த பிறகு அந்தக் கார், நூறு கிலோவுக்கு மேல் சும்மா சுமக்கிற பெற்றோல் கார். பற்றரியின் மிஞ்சிய கொள்ளளவை ஸ்கானரில் காட்டாதவரிடம் பேரமே வேண்டாம்.

லெக்ஸஸ் ஐஎஸ்300எச் ஹைபிரிட்டை 'கிழவன் கார்' என்று தள்ளுகிறவர்கள் ஒருநாள் ஓட்டிப் பார்க்கட்டும். 2.5 லீற்றர், டர்போ இல்லை, பின்சக்கர இழுவை, கியர் பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகள் இல்லை. டொயோட்டாவின் அக்வாவையும் ப்ரியஸையும் பிரித்துப் பழகிய கைகள் கொழும்பில் தெருவுக்குத் தெரு உண்டு, ஹைபிரிட் அவர்களுக்குப் புதிதில்லை. வேகமெடுக்கும்போது எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும், பின் ஆசனம் ஒடுக்கம். அது உண்மை. ஆனால் நம்பி ஏற ஒரு கார் வேண்டும், திருப்பமும் பிடிக்க வேண்டும் என்றால் முதல் பெயர் இதுதான்.

எதை வாங்கினாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளம் கண்ட காரென்றால் சேற்றுக் கோடு அங்கேதான் இருக்கும். டிக்கித் தரையைத் தூக்கித் துரு தேடுங்கள். மீற்றரில் உள்ள கிலோமீற்றரும் மற்றக் கணினிகளில் பதிவானதும் ஒன்றுதானா என்று ஸ்கான் செய்யுங்கள். காலையில் வருவதாகச் சொல்லி, ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் சாவியைக்கூட வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.