அம்மன் செய்தியை அனுப்பாவிட்டால் நஷ்டமா?

"மாரியம்மன் படத்தை 11 பேருக்கு அனுப்பிய மன்னார்குடி விவசாயிக்கு லாட்டரியில் 10 லட்சம் விழுந்தது, அழித்த கும்பகோணம் வியாபாரி கடையை இழந்தார்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொய். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. பரிசு எந்தச் சீட்டுக்கு விழுந்ததாம்? இருவருக்கும் பெயரில்லை, நடந்த தேதியும் இல்லை. முன்பு அஞ்சலட்டையில் வந்து பயமுறுத்திய அதே கதைதான். அன்று எழுதிக் கையாவது வலித்தது.

கணக்கும் இடிக்கிறது. ஒவ்வொருவரும் புதிதாக 11 பேருக்கு அனுப்பினால், பத்தாவது சுற்றுக்கு மட்டும் சுமார் 2,593 கோடி பேர் வேண்டும். உலக மக்கள்தொகையே 800 கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். சங்கிலி எங்காவது அறுந்தே தீரும். அறுத்தவருக்கெல்லாம் தண்டனை என்றால், டெல்டாவில் குறுவை நடவுக்கு ஆள் மிஞ்சியிருக்காது.