கேபே பணத்தில் வட்டி எங்கே நுழைகிறது?

பர்மாவில் பெகு, மோல்மேன் பக்கத்துக் கிராமங்களில் கடை வைத்திருக்கும் நம் முஸ்லிம் ஆட்கள் "கேபே ஹலாலா?" என்று கேட்கிறார்கள். கேபே (KBZPay) என்பது அங்குள்ள KBZ வங்கியின் ஃபோன் பணச் செயலி, வெறும் பணப்பைதான். அதை வைத்து என்ன கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்பதே கேள்வி. என் பார்வையில், வட்டி அதிகம் நுழைவது ஃபோன் பணத்தை நோட்டாக மாற்றித் தரும் இடத்தில்.

2021-க்குப் பிறகு வங்கியில் நோட்டு எடுப்பது கஷ்டமானதும் இந்த வியாபாரம் வளர்ந்தது. ஃபோனில் 1,00,000 கியாட் அனுப்பினால் கையில் 95,000 தருகிறார்கள் என்று வையுங்கள். நபித்தோழர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் தங்கத்துக்குத் தங்கம் சரிக்குச் சரி, கைக்குக் கை என்று வருகிறது. இன்றைய நாணயத்துக்கும் அதே சட்டம் என்பதே பெரும்பாலான உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) நிலை. நோட்டுத் தட்டுப்பாடு கூடும்போதெல்லாம் கழிவும் ஏறினால், அதைக் கூலி என்று எப்படிச் சொல்வது? அது பணத்தைப் பணத்துக்கு விற்பது.

உழைப்புக்குக் கூலி வாங்கலாம். வங்கிக்குப் போய்வர பெட்ரோலும் ஆள்கூலியும் 30,000, ஒரு நடையில் எடுத்து வருவது 20 லட்சம் என்று வையுங்கள். லட்சத்துக்கு 1,500 விழும். அதை அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். லட்சத்தை முழுதாக எண்ணிக் கொடுத்துவிட்டு, கூலியைத் தனியாக வாங்குங்கள். செலவு ஏறினால் கூலியை ஏற்றலாம். மருத்துவமனைக்கு ஓடுகிறவரின் அவசரத்தைப் பார்த்து ஏற்றக் கூடாது. இந்தக் கணக்கை ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கடன் விற்பனையும் இப்படித்தான். ரொக்கத்துக்கு 50,000, ஒரு மாதத் தவணைக்கு 52,000 என்று சொல்லி, இரண்டில் ஒன்றை விற்கும்போதே முடிவு செய்தால் மார்க்கத்தில் கூடும். தவணை தப்பியபின் 500 சேர்த்தாலும் வட்டி. தேதி, தொகை, தவணையை எழுதி வையுங்கள். கடனை எழுதச் சொல்வது குர்ஆன் 2:282.

வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள், போலி நிறைய. உங்கள் ஃபோனில் பணம் ஏறியதா என்று பாருங்கள். நெட் இல்லையென்றால் அந்த விற்பனையைக் கடன் நோட்டில் ஏற்றுங்கள்.

ரங்கூனில் இருக்கும் மகன் பெயரில் கணக்கைத் திறந்து கடைப் பணத்தை அதில் போடுவது பெரிய தொல்லை. ஜகாத்தின்போதும் வாரிசுப் பங்கின்போதும் யார் பணம் என்றே தெரியாது. உங்கள் பெயரில், கடைக்கென்று தனி எண் வையுங்கள். வங்கிக் கணக்கோடு இணைத்தால் சேமிப்புக் கணக்கு வேண்டாம். வட்டி இல்லாத நடப்புக் கணக்கு போதும்.

ஜகாத்துக்கு, ஆண்டு முடிவில் கேபே இருப்பு, கல்லாப் பணம், அன்றைய விலையில் விற்பனைச் சரக்கு, வரும் என்று நம்பும் கடன் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டினால் 2.5 சதவீதம். தராசு, ஃபிரிட்ஜ், அலமாரிக்கு ஜகாத் இல்லை.