‘3,500 கிலோ இழுக்கும்’ என்றால் வண்டியை நிரப்பிக்கொண்டு இழுக்கலாமா?

ஆஸ்திரேலியாவில் யூட் (பின்னால் சாமான் தொட்டி உள்ள பிக்கப் வண்டி) வாங்குகிறவர்களிடம் சுற்றும் பேச்சு இது: “விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது, அப்புறம் என்ன, கேரவனை (வண்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை) மாட்டிவிட்டு பின்னால் சாமான், குடும்பம் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகலாம்.” தப்பு.

அந்த 3,500 தனியாக நிற்கும் எண் இல்லை. வண்டி, கேரவன், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு மொத்த வரம்பு உண்டு, அதை ஜிசிஎம் என்பார்கள். ஒரு யூட்டுக்கு அது 6,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரவனுக்கு 3,500 போனால் வண்டிக்கு 2,500தான் மிச்சம். வெறும் வண்டியே 2,250 கிலோ இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது 250. தலைக்கு 75 கிலோ என்றாலும் நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலே 300 கிலோ, வரம்பைத் தாண்டியாயிற்று! ஃப்ரிட்ஜையும் நாய்க்குட்டியையும் இன்னும் ஏற்றவே இல்லை.

இன்னொன்று, டோ பால், அதாவது கேரவனை மாட்டும் வண்டியின் பின்பக்கக் குண்டு, மேல் அழுத்தும் எடை. அங்கே கேரவன் எடையில் சுமார் 10 சதவீதம் என்று கணக்கு வைப்பார்கள், அதாவது 350 கிலோ. அது, வண்டியும் அதில் ஏற்றியதும் சேர்ந்த எடைக்கான தனி வரம்பான ஜிவிஎம்மில் சேரும். “சரி, கனமான பொருளைக் கேரவனின் வாலில் வைத்தால் முன்பக்கம் லேசாகிவிடுமே” என்று கிளம்பாதீர்கள், கேரவன் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிப்பது பெரும்பாலும் அப்படித்தான். தண்ணீர் டேங்க் நிறைந்திருந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ, அதையும் சேருங்கள். கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஏற்றி, எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.